மேலே வருகிற வாரண்டி

"இது கெட்டுப்போச்சுன்னா நீங்க மேல வருவீங்களா, இல்ல நாங்க கீழ கொண்டாரணுமா?"

மலையிலிருந்து டிராக்டர் வாங்க வந்த ஓர் அக்கா இப்படிக் கேட்டபோது நான் டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, டயர் இன்னும் எவ்வளவு நாள் உழைக்கும் என்று ஆர்வமாக விளக்கிக்கொண்டிருந்தேன். பழைய டிராக்டர்களை வாங்கிச் சரிசெய்து விற்கிற நம் திருப்பத்தூர் யார்டில் அதற்கு முன் எத்தனையோ வண்டிகளுக்கு வாரண்டி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வண்டி எங்கே போகிறதோ வாரண்டியும் கூடவே போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். வண்டி ஜவ்வாது மலைக்கு ஏறிப் போகும், வாரண்டி மட்டும் கீழேயே நிற்கும் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. அப்படியானால் வாரண்டியையும் மேலே ஏற்றினால் என்ன? யோசனை முளைத்தது அங்கேதான். அது என்னை யார்டை விட்டே கிளப்பும் என்று அன்றைக்குத் தெரியாது.

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு இதை எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். இப்படியெல்லாம் எழுதுகிறவர்கள் ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் நம் முதலாளி பாய் சொல்லிவிட்டார்: "போறதுக்கு முன்னாடி புள்ளைங்களுக்கு எதாச்சும் எழுதி வெச்சிட்டுப் போ, இன்ஜினியரம்மா. வாயில சொன்னா நீ நிறுத்த மாட்ட."

இன்ஜினை எப்படிப் பார்ப்பது, கியர் ஆயிலில் இரும்புத்தூள் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் நம் மெக்கானிக் உங்களுக்குச் சொல்லித் தருவார். இரண்டு முறை திட்டு வாங்கினால் நன்றாகவே மனதில் நிற்கும். நான் எழுதப்போவது வண்டியைச் சுற்றி நிற்கும் மனிதர்களைப் பற்றி.

சேர்ந்த புதிதில் பாய் என்னை ஊத்தங்கரைப் பக்கம் வண்டி பார்க்க அழைத்துப் போனார். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு வண்டிகள். முதல் வண்டி புதுப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. நான் செல்போன் வெளிச்சத்தோடு அடியில் புகுந்து புகுந்து பார்த்தேன். இரண்டாவது வண்டி நிறம் வெளுத்து, சீட் கிழிந்து கிடந்தது. நான் முதல் வண்டிக்குத்தான் ஓட்டுப் போட்டேன். பாய் இரண்டு ஊரிலும் டீயைக் குடித்தபடி விற்கிற ஆளோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாங்கியது இரண்டாவதை.

"ஏன் பாய்?"

"நீ வண்டியப் பாத்தே, ஆளப் பாத்தியா? மொத வண்டிக்காரன் தள்ளிப் போய் நெழல்ல நின்னுனு இருந்தான். ஒரு தபா கூட வண்டி பக்கம் திரும்பல. ரெண்டாவது ஆளு பானெட் மேல வெச்ச கைய எடுக்கவே இல்ல. புடிச்ச வண்டிக்குத்தான் ஒருத்தன் நேரத்துக்கு ஆயில் மாத்துவான்."

நாங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்த ஆள் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நல்ல எடமா பாத்துக் குடுங்க பாய்" என்றார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறவர் பேச்சு மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். வண்டி நின்றிருந்த வெற்று இடத்தைப் பார்த்தபடி அவர் அங்கேயே நின்றிருந்தார்.

இதைக் கேட்டு நீங்களும் கையை மட்டும் பார்த்து வண்டி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அதே கணக்கில் பாய் பிறகு ஒரு முறை வசமாக ஏமாந்தார். அந்த முறை விற்ற ஆள் பானெட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது பாசத்தால் அல்ல. பூட்டு உடைந்திருந்தது, கையை எடுத்தால் திறந்துகொள்ளும். ஆளையும் பாருங்கள், பூட்டையும் பாருங்கள்.

அந்த வெளுத்த நிறத்து வண்டியைத்தான் மலையிலிருந்து வந்த அக்கா சுற்றிச் சுற்றி வந்தார். பெயர் அலமேலு. நெல்லிவாசல்நாட்டில் உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். பஸ் எப்போது வரும் என்று நம்ப முடியாத இடம், ஷேர் ஜீப்பில் வந்திருந்தார். பளபளப்பான வண்டிகளைக் காட்டினேன், அவர் பார்க்கவே இல்லை.

"நீயே ஓட்டுவியா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓட்டுவேன்க்கா."

"எங்க வூட்டுக்காரரும் நல்லா ஓட்டுவாரு. ஆனா அவரு இங்க இல்ல."

அவர் வீட்டுக்காரர் கோவிந்தன் கர்நாடகத்தில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். கல்யாணமான மறு வருடமே போனவர், பொங்கலுக்குப் பொங்கல் வருவார், போவார். மலையில் அவர்களுக்கு நிலம் இருக்கிறது. உழவு மாடு போன பிறகு வாடகை டிராக்டரை நம்பியிருந்தார்கள். அடிவாரத்து வாடகை வண்டிகள் கீழே எல்லா நிலமும் முடிந்த பிறகுதான் மலை ஏறும். அதற்குள் மேலே ஈரம் போய்விடும். காலம் தாழ்ந்து பின்பட்டத்தில் விதைத்த சாமை பாதிதான் வீடு வந்து சேரும்.

"சொந்தமா ஒரு வண்டி கீதுன்னா காலத்துல உழுதுடலாம். காலத்துல உழுதா வெள்ளாமை வூடு வந்து சேரும். வெள்ளாமை வந்துச்சுன்னா அவரு எதுக்குப் போவணும்?" அலமேலு அக்கா இதைச் சோகமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாள் யோசித்துப் போட்ட கணக்கை ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். அவர் வாங்க வந்தது டிராக்டரைத்தான், ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது டிராக்டர் இல்லை. இது உங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும். ஆள் எதற்காக ஏங்குகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் வண்டியைப் பற்றிப் பேசாதீர்கள்.

வாரண்டிக்கு வந்தோம். மூன்று வழிகள் இருந்தன. வாரண்டியே இல்லாமல் எடுத்தால் விலை குறையும். பாய் தன் கையால் கொடுக்கிற வாரண்டி ஆடி வரைக்கும்தான், ஆனால் நிபந்தனை ஒன்றுமில்லை, வண்டியை யார்டுக்குக் கொண்டுவந்தால் போதும். மூன்றாவது, பழைய வண்டிகளுக்கு வாரண்டி விற்கிற ஒரு கம்பெனியினுடையது. அடுத்த வருடம் கோடை தாண்டியும் நிற்கும், பழுதானால் அவர்கள் ஆளே நேரில் வந்து பார்ப்பார். ஆனால் சொந்த விவசாயத்துக்கு மட்டும்தான் ஓட்ட வேண்டும், வாடகைக்கு ஓட்டினால் செல்லாது.

"யம்மா, என்னுது போதும்" என்றார் பாய். "மலையில பழைய வண்டி எதாச்சும் பேஜாரு பண்ணும்னா மொத ரெண்டு மூணு மாசத்துல பண்ணிடும். அத தாண்டிட்டா ஓடும்."

அலமேலு அக்கா என்னைப் பார்த்தார். "அவரு தை மாசம் வருவாரு. அவரு வந்து ஏறி ஓட்டும்போது எந்த வாரண்டி உசுரோட இருக்கும்?"

"கம்பெனியுதுதான்க்கா."

"அப்ப அதயே போடு."

"யம்மா, வாரண்டி வண்டிக்குத்தான். வூட்டுக்காரருக்கு இல்ல" என்றார் பாய்.

"வூட்டுக்காரருக்கும் ஒண்ணு இருந்தா போடுங்க பாய், வாங்கிக்கிறேன்."

மெக்கானிக் உட்பட யார்டே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் முடிவை மாற்றவில்லை. மற்றவர்கள் வாரண்டியை வண்டியின் வயதை வைத்து எடை போடுவார்கள். அவர் தன் காத்திருப்பை வைத்து எடை போட்டார்.

நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். "வாடகைக்கு ஓட்டுவீங்களாக்கா?" என்று தெளிவாகவே கேட்டேன்.

"வாடகையா? எங்க ஊர்ல ஒருத்தருக்கொருத்தர் வாடகை வாங்குற பழக்கமே கெடையாது" என்றார். அது சத்தியமான பதில். நானும் நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விட்டேன். நீங்கள் போகாதீர்கள். ஒருவர் "அந்தப் பழக்கம் கிடையாது" என்றால், "அப்ப எந்தப் பழக்கம்?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள்.

வண்டியை நானே மேலே ஓட்டிப்போனேன். வளைவுகளில் ஏறும்போது அந்த வெளுத்த வண்டி ஒரு முறைகூட மூச்சு வாங்கவில்லை. ஊரே வெளியே வந்து நின்றது. மாணிக்கம் என்று பக்கத்து வீட்டுக்காரர், முன்பு கீழே செங்கல் சூளையில் டிராக்டர் ஓட்டியவர், இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பொம்பள போய் வண்டி வாங்குறா, இன்னொரு பொம்பள ஓட்டினு வர்றா. அப்ப நாங்க இன்னா, வேடிக்க பாக்கவா?"

"வேடிக்க பாக்காத மாமா, காட்டுல கல்லப் பொறுக்கு" என்றார் அலமேலு அக்கா. "பொறுக்கி முடிச்சா ஓட்டறதும் நீதான்."

அப்படியே அவர்தான் ஓட்டுநர் ஆனார். கோடை உழவு முடிந்தது. அக்கா வாரம் ஒரு முறை போன் செய்வார். செல்போனுக்கு சிக்னல் கிடைக்கிற பாறை ஒன்று அங்கே இருக்கிறது. அதில் ஏறி முதலில் கர்நாடகத்துக்குப் பேசுவார், பிறகு எனக்கு. "நேத்து வண்டி சத்தத்த அவருக்குக் கேக்க வெச்சேன். ஒண்ணியும் சொல்லல. ஆனா போனை வெக்கவும் இல்ல, கேட்டுனே இருந்தாரு" என்றார் ஒரு நாள்.

ஆடி பிறந்து மழை விழுந்தது. விதைப்பு பாதியில் இருக்கும்போது காலையிலேயே போன் வந்தது. "வண்டி கத்துது, நகர மாட்டேங்குது." கிளட்ச் போய்விட்டது. அதை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கம்பெனிக்குச் சொன்னேன். மறுநாளே ஆள் அனுப்பினார்கள். அவரும் என் வயதுக்காரர்தான், வேலூரிலிருந்து வந்திருந்தார், நல்ல மாதிரி. ஷேர் ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொண்டு வந்தார். எனக்குப் பயமே இல்லை. இது வாரண்டியில் வராத சாதாரணத் தேய்மானம் இல்லை, அந்தச் சத்தம் பாகமே உடைந்த சத்தம், கம்பெனி மாற்றித் தந்தே ஆக வேண்டும் என்று உள்ளே வாதங்களை அடுக்கிக்கொண்டே போனேன். ஈரம் காய்வதற்குள் முடித்துவிடலாம்.

அவர் வண்டியைப் பார்த்தார். என் வாதங்களை எல்லாம் சொல்வதற்கு முன்பே ஒப்புக்கொண்டார். பிறகு மீட்டரைப் பார்த்தார்.

"ஒரு வீட்டு நிலத்துக்கு இவ்வளவு நேரம் ஓடியிருக்குதே, யார் யார் நிலம் உழுதீங்க?"

"எல்லார் காடும்தான்" என்றார் மாணிக்கம் பெருமையாக. கை நீட்டி ஒவ்வொரு மேடாகக் காட்டினார். "அது என்னுது. அதுக்கு மேல என் தம்பியுது. அந்தப் பலாமரத்துப் பக்கம் சித்தப்பாவுது."

"வாடகைக்கா?"

"அந்த வார்த்த வோணாம் சார்."

"அப்ப சும்மா உழுது குடுத்தாங்களா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கத்து வீட்டுக்கு உதவியது வாடகை ஆகாது, கம்பெனிக்காரர் எழுதிக்கொண்டு போய்விடுவார், அவரும் அந்தப் பதிலுக்காகத்தான் கேட்டார் என்றே நினைக்கிறேன். நான் மாணிக்கத்தைக் கண்ணால் கெஞ்சினேன். அவரும் என்னைப் பார்த்தார். என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ.

"சும்மாவா? இன்னா சார், எங்களப் பாத்தா சும்மா வாங்குற ஆளுங்க மாரியா தெரியுது? என் காட்ட உழுததுக்கு இவங்க காட்டுல நானும் என் பொண்டாட்டியும் களை எடுத்தோம்."

"இவங்க வூட்டுக் கூரைய மேஞ்சது நானு" என்றார் தம்பி.

"போன வருசத்து சாமை மூட்டையெல்லாம் குத்திப் பொடச்சிக் குடுத்தது யாரு?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல். அப்புறம் நிறுத்த முடியவில்லை. புளி உலுக்கியவர், வரப்புக் கல் அடுக்கியவர், காட்டில் காவல் இருந்தவர், ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். அந்த மலையில் வேலைக்கு வேலைதான் வழக்கம். இன்றைக்கு என் காட்டுக்கு நீ வந்தால் நாளைக்கு உன் காட்டுக்கு நான். வாங்கிவிட்டுத் திருப்பிச் செய்யாதவன் என்ற பெயர் எடுப்பதைவிடப் பட்டினி கிடப்பார்கள். வாரண்டியைக் காப்பாற்ற அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது அந்த ஒன்றைத்தான்.

நான் அலமேலு அக்காவைத் தனியே இழுத்தேன். "அக்கா, நான் யாருகிட்டயும் எதுவும் வாங்கல, சும்மாதான் உழுதேன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

"அப்டி சொன்னா இவங்கள எல்லாம் ஊர் நடுவுல நிக்க வெச்சு, சும்மா வாங்கித் தின்னவங்கன்னு சொன்ன மாரி ஆவும்."

"கிளட்ச் வரலன்னா விதைப்பு போயிடும். அண்ணன் வருவாரா?"

இதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவசரத்தில் நாம் பிடித்து இழுப்பது எப்போதும் ஆளின் வலிக்கிற இடத்தைத்தான். அக்கா கீழே போகிற ஜீப் தடத்தைப் பார்த்தார்.

"வரணும்தான். எனக்கு எவ்ளோ வரணும்னு உனக்குத் தெரியாது. ஆனா அவரு வந்து இறங்குறதும் இந்த ஊர்லதான். இவங்க மூஞ்சிலதான் முழிக்கணும்."

பிறகு அவரே கம்பெனிக்காரரிடம் போனார். "இவங்க சொல்றது எல்லாம் நெசம் சார். நானும் வாங்கினேன். இன்னும் ரெண்டு வூட்டுக்காரங்க வேல செய்ய வேண்டிக் கீது."

கம்பெனிக்காரர் பேனாவை மூடினார். "பதிலுக்கு வேலை வாங்கினா எங்க விதிப்படி அது வாடகைதான்மா. என்னால மாத்தி எழுத முடியாது." அவருக்குச் சாப்பாடு போட்டார்கள். காசு எடுத்தபோது, "விருந்தாளிக்கு அந்தக் கணக்கு இல்ல, சாப்புடுங்க" என்று மாணிக்கம் அதட்டினார். அவர் தலை குனிந்து சாப்பிட்டுவிட்டு அதே ஜீப்பில் இறங்கிப் போனார். அவர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை.

நான் பாறை மேல் ஏறிப் பாய்க்குப் போன் செய்தேன். திட்டு விழும் என்று காதைச் சற்றுத் தள்ளியே வைத்திருந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அதே மாடல்ல பிரிச்சுப் போட்ட வண்டி ஒண்ணு பின்னாடி கெடக்குதே, அதுல கிளட்ச் நல்லா இருக்கு. மெக்கானிக்க அனுப்பறேன். வண்டிய கீழ கொண்டார வோணாம், அங்கயே பிரிங்க. சும்மா குடுத்துடு, நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

பறந்து வந்து சொன்னேன். மாணிக்கம் முகம் சுருங்கியது. "பாய் சும்மா குடுத்தா நாங்க சும்மா வாங்கணுமா?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, இந்த வண்டியக் கூட இழுத்துடலாம். உங்க மானத்தத்தான் இழுக்க முடியல."

எல்லோரும் சிரித்தார்கள், மாணிக்கமும்தான். ஆனால் யாரும் அசையவில்லை. அலமேலு அக்கா கேட்டார்: "பாய்க்கு நெலம் கீதா?"

"கந்திலிப் பக்கம் வேர்க்கடல போட்டிருக்காரு."

"களை எடுத்தாச்சா?"

மறுபடியும் பாறைக்கு ஓடினேன், இந்த முறை அக்காவும் கூடவே. பாய்க்கு முதலில் புரியவில்லை. "வாரண்டி குடுத்தவன் கம்பெனிக்காரன். எனக்கு எதுக்குக் களை எடுக்குறாங்க?"

"நீங்க மேல வர்றீங்க இல்ல பாய், அதுக்கு" என்றார் அக்கா.

"களைக்கு ஆள் கெடைக்காம நானே அல்லாடினு இருக்கேன். வரச் சொல்லு" என்றார் பாய்.

பலாமரத்தடியில் சமமான இடம் பார்த்து, கல் அடுக்கி, வண்டியை அங்கேயே பிரித்தோம். மெக்கானிக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. ஊரே படுதா பிடித்தது. வண்டி மறுபடியும் காட்டில் இறங்கியபோது ஈரம் இன்னும் மிச்சம் இருந்தது, ஆனால் தாமதம்தான். கடைசி இரண்டு மேடுகளில் சாமை விதைக்க முடியாமல் கொள்ளு விதைத்தார்கள். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் நீங்கள் நம்பிக்கொண்டு மலை ஏறிவிடுவீர்கள்.

வேர்க்கடலைக்குக் களை வந்தபோது சொன்னபடி ஜீப் நிறைய ஆட்கள் இறங்கினார்கள். பாய் வரப்பில் நின்று பார்த்தார். "இவங்கள மாரி கஸ்டமருங்க இருந்தா அந்தக் கம்பெனி சீக்கிரம் கட மூடிடும். நான் பொழச்சுக்குவேன்" என்றார்.

வண்டி நின்ற செய்தி தெரிந்ததும் கோவிந்தன் போனில் ஒன்று சொல்லியிருக்கிறார்: பழைய வண்டியை நம்பி இருக்கிற வேலையை விட முடியாது. அக்கா இதை எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார்.

பொங்கலுக்கு அவர் வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அதிகம் பேசாத மனிதர். வண்டியில் ஏறி, வேலை எதுவும் இல்லாமலே ஊர்த் தடத்தில் போய்த் திரும்பி வந்தார். மறுபடியும் போனார். அக்கா வாசலில் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை நிறுத்திவிட்டு அந்தச் சத்தம் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கோவிந்தன் என்னிடம் கேட்டார்: "அடுத்த ஆடில இது நின்னுச்சுன்னா?"

"நான் வருவேன் அண்ணா."

"நீ திருப்பத்தூர்ல கெளம்பி, சாமான் தேடி, ஜீப் புடிச்சு வர்றதுக்குள்ள மழ போயிடும்மா. தப்பா சொல்லல. போன ஆடி அதான் நடந்துச்சு."

அவர் சொன்னது சரி. அக்கா கேட்ட முதல் கேள்வியும் இதேதான். நான் பாதிதான் பதில் சொல்லியிருந்தேன்.

அவர் மறுபடியும் தோட்டத்துக்குக் கிளம்பினார். ஜீப் நிற்கிற இடத்துக்கு நானும் போனேன். அக்கா அவரிடம் ஒரு பையைக் கொடுத்தார். "சாமை அரிசி. அங்க யாராச்சும் கேட்டா எங்க காட்டுல வெளஞ்சதுன்னு சொல்லு." அவர் பையை மடியில் வைத்துக்கொண்டார். ஜீப் வளைவு திரும்பிய பிறகும் அக்கா நகரவில்லை.

"அவரு ஏன் போறாருன்னு நெனக்கிற? துட்டுக்குன்னு நெனச்சியா?" என்றார் திரும்பாமலே. "பயம். இருந்துட்டாருன்னு வெச்சுக்கோ, வண்டி நின்னுபோச்சு, வெள்ளாமை போச்சு, மறுபடியும் எங்கள வுட்டுட்டுப் போவணும் இல்ல? ஒவ்வொரு தபாவும் போறது பழகிடுச்சாம். வந்து தங்கிட்டுப் போறதுதான் முடியாதாம்."

யார்டை விட்டு மலை மேலேயே போய்விடுவது என்று அன்று நான் கீழே இறங்கிய ஜீப்பிலேயே முடிவு செய்துவிட்டேன். பாயிடம் சொன்னபோது அவர் டீயைக் கீழே வைக்கவில்லை. "மூணே மாசத்துல எறங்கி வந்துடுவ."

"மாட்டேன் பாய்."

"வந்தா உன் சேர் இங்கதான் இருக்கும். இந்தப் புள்ளைங்கள உக்கார வுட மாட்டேன்." ஆகவே அந்த நாற்காலியில் உட்காராதீர்கள். எனக்கும் அது வேண்டியிருக்கலாம். காலையில் எல்லா இன்ஜின்களையும் ஒருமுறை உயிர்ப்பித்துப் பார்ப்போமே, அந்த நேரத்தில் மலை மேல் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

மலை மேல் புதூர்நாட்டில் ஒரு கொட்டகை பிடித்திருக்கிறேன். பிரித்துப் போட்ட அந்த வண்டியை பாய் மொத்தமாக ஏற்றி அனுப்புகிறார். அதன் உறுப்பு ஒவ்வொன்றும் மேலேயே இருக்கும். நான் கொடுக்கப்போகிற வாரண்டியில் மீட்டர் கணக்கு இல்லை, யார் நிலம் என்ற கேள்வி இல்லை. வண்டி நின்ற காட்டுக்கு நான் வருவேன். பதிலுக்கு வேலையோ, விளைந்ததில் ஒரு பங்கோ. கொட்டகைக்குச் சுவர் வைக்க மாணிக்கம் இப்போதே ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். வேலூரில் உதிரிபாகம் விற்கிற கடைக்காரர் பாகத்துக்குப் பதில் களை எடுக்க ஒப்புக்கொள்வாரா என்று நீங்கள் கேட்கலாம். ஒப்புக்கொள்ள மாட்டார். சாமையும் புளியும் சந்தைக்குப் போய்த்தான் அந்தக் கடைக்குக் கொடுக்கக் காசு வர வேண்டும். அந்த இடத்தில் என் கணக்கு இன்னும் இடிக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் ஜீப்பில் சொல்லி அனுப்புங்கள்.

போன வாரம் அலமேலு அக்கா இந்த ஆடிக்கு உழவு வரிசையைச் சொன்னார். முதலில் மாணிக்கத்தின் கல்லு மேடு, பிறகு தம்பியுடையது, பிறகு சித்தப்பா, அப்படியே வரிசையாக ஊர் முழுக்க. வண்டி வாங்கியவர் காடு எல்லாவற்றுக்கும் கடைசி. ஏன் என்று கேட்டேன்.

"அவரு அதுக்குள்ள வந்துடுவாரு. நீ மேல வர்றன்னு கேட்டதும், ஆடிக்கு ஊருக்குப் போறேன்னு தோட்டத்துல சொல்லி வெச்சிருக்காராம். எங்க காட்ட அவருதான் உழணும், மாமா இல்ல."

அத்தனை காடுகளையும் உழுது முடித்து அந்தக் கடைசிக் காட்டுக்குப் போய்ச் சேரும் வரை வண்டி ஒரு நாளும் நிற்கக் கூடாது. நின்றால் ஈரம் காய்வதற்குள் நான் அங்கே இருக்க வேண்டும். இந்த ஆடியில் அதைத்தான் செய்து பார்க்கப்போகிறேன்.